மூன்றாவது படுக்கையறைக்காக ஐந்து மாதம்

பதினான்கு வயது மூத்தவனும் எட்டு வயது இளையவனும் ஆண் பிள்ளைகள் என்பதால் ஒரே அறையில் படுக்கலாம், ஆகவே உங்கள் குடும்பத்துக்கு இரண்டு படுக்கையறைகளே போதும் என்று கவுன்சில் வீட்டுக்கு விண்ணப்பித்திருந்த எங்களுக்கு லண்டனில் எங்கள் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) எழுதிய கடிதம் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பவில்லை. இளையவனுக்கு ஓட்டிசம். இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து, விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பான், அண்ணனின் போர்வையை இழுத்தெறிவான். மூத்தவன் இரண்டு வருடமாக வரவேற்பறை சோபாவில்தான் தூங்குகிறான். இவை அனைத்தையும் படிவத்தில் எழுதியிருந்தோம். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எங்கள் கவுன்சிலின் விதிப்படி மீளாய்வு கேட்க 21 நாள் அவகாசம் உண்டு. கடிதத்தில் இருந்த திகதிக்கும் அது எங்கள் கைக்கு வந்த நாளுக்கும் இடையில் எட்டு நாள் கழிந்திருந்தது. உறையை எறிந்துவிட்டதால் அதை நிரூபிக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று, நீங்கள் எறியாதீர்கள்.

அடுத்த தவறும் என்னுடையதே. தேவைக்கு மேல் படுக்கையறை இருந்தால் வாடகை உதவியை வெட்டும், 2013இல் வந்த ‘பெட்ரூம் டாக்ஸ்’ விதிகளில், ஊனமுற்றோர் உதவித்தொகையின் பராமரிப்புப் பகுதியை நடுத்தர அல்லது உயர் வீதத்தில் பெறும் பிள்ளை அறையைப் பகிர முடியாதவனாக இருந்தால் அவனுக்குத் தனி அறை கணக்கிடப்படும் என்று இருக்கிறது. மகன் அந்த உதவித்தொகையைப் பெறுவதால், அதையே ஆதாரமாக்கி இரண்டு பக்கம் எழுதினேன். அது வாடகை உதவிக்கான கணக்கு, வீடு ஒதுக்குவது எங்கள் சொந்தத் திட்டத்தின்படி என்று கவுன்சிலிலிருந்து தொலைபேசியில் ஒருவர் வெட்டிச் சொன்னார். கோபம் வந்தாலும், அவர் சொன்னது சரிதான். 1996ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தில் 166ஏ பிரிவின்படி ஒவ்வொரு கவுன்சிலும் தன் ஒதுக்கீட்டுத் திட்டத்தை வகுத்து வைத்திருக்க வேண்டும். மீளாய்வு கேட்கும் உரிமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. எங்கள் கவுன்சிலின் திட்டம் நூறு பக்கங்களைத் தாண்டும். அதன் பின்னிணைப்பில், மருத்துவக் காரணத்தால் அறையைப் பகிர முடியாத பிள்ளைக்குத் தனி அறை பரிசீலிக்கப்படலாம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. நடுச்சாமத்தில் அந்த வரியைக் கண்டதும் மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

அரைநாள் லீவு போட்டுக் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனது வீண். தாள்களை நேரில் வாங்குவதில்லை, இணையத்தில் ஏற்றுங்கள் என்றார்கள். போதாததற்கு, சட்டப்படி உங்கள் வீட்டில் நெரிசலே இல்லை என்று கவுன்டரில் இருந்த பெண் ஒரு பாடமும் எடுத்தார். அவர் குறிப்பிட்டது 1985ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் அளவுகோல். அதில் வரவேற்பறையும் தூங்கும் அறையாகக் கணக்கில் வரும், ஒரு வயது முதல் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை அரை ஆளாகத்தான் எண்ணப்படும். நான் நெரிசல் என்று முறையிடவே இல்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

குடும்ப வைத்தியரின் கடிதத்துக்குக் காசு கட்டி மூன்று வாரம் காத்திருந்தோம். வந்த கடிதத்தில், தனி அறை இருந்தால் ‘நன்மையாக இருக்கும்’ என்று எழுதியிருந்தது. நன்மை எல்லோருக்கும்தான்! பகிர முடியாது, ஏன் முடியாது, பகிர்ந்தால் இரு பிள்ளைகளுக்கும் என்ன நடக்கிறது என்று இல்லாத கடிதம் கவுன்சிலிடம் செல்லாது. நல்ல வேளையாக, ஆதாரங்கள் பின்னர் வரும் என்று ஒரு வரி சேர்த்து மீளாய்வுக் கோரிக்கையை 19ஆம் நாளே அனுப்பியிருந்தேன். கடிதங்கள் வரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பிறகு கவுன்சில் எங்கள் தாள்களை வெளி மருத்துவ ஆலோசகர் ஒருவருக்கு அனுப்பியது. மகனை ஒரு தடவையும் பார்த்திராத அவர், படுக்கைக்கு நடுவே தடுப்புத் திரை போடலாம் என்று நான்கு வரியில் முடித்திருந்தார். இலவச சட்ட உதவி நிலையத்தில் ஒரு அம்மா அதை வாசித்துவிட்டு, 2007இல் பர்மிங்காம் நகர சபைக்கு எதிரான ஷாலா வழக்கைக் காட்டினார். அது வீடற்றோர் தொடர்பான வழக்கு. ஆயினும், நோயாளியைப் பரிசோதிக்காத ஆலோசகரின் கருத்தை எடைபோடும்போது, அவர் பரிசோதிக்கவில்லை என்பதையும் கவுன்சில் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அதில் சொல்லியிருக்கிறது. முதல் முடிவில் சம்பந்தப்படாத மேல்நிலை அதிகாரியே மீளாய்வைச் செய்ய வேண்டும் என்ற அரசாங்க வழிகாட்டலையும் கடிதத்தில் சேர்க்கச் சொன்னார்.

அதோடு, ‘பகிர முடியாது’ என்றே எழுதிய குழந்தை மருத்துவரின் கடிதமும், மனைவி 28 இரவுகள் நேரம் குறித்து எழுதிய கொப்பியும், மூத்தவன் வகுப்பில் தூங்கிவிழுவதாகப் பாடசாலை தந்த குறிப்பும் போயின. அந்தக் கொப்பியைத்தான் அதிகாரி தன் முடிவில் இரண்டு இடத்தில் குறிப்பிட்டிருந்தார்.

மூன்று படுக்கையறைத் தகுதி கிடைத்துவிட்டது. பட்டியலில் வரும் காலி வீடுகளுக்கு விருப்பம் தெரிவித்து வாராவாரம் ‘பிட்’ போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த வாரப் பட்டியலில் இருந்த ஒரே மூன்று அறை வீட்டுக்கு நாங்கள் 112ஆவது. மூத்தவன் இன்னும் சோபாவில்தான்.