பஸ் ஸ்டாப்பு போய்டுச்சு ஆயா

போன மாசம் பரண்ல இருந்து ஒரு அட்டைப்பொட்டி எறக்குனேன், பிளாப்பி, பிரிண்டர் வயர், எலி கடிச்ச மவுஸ் பேட்னு எல்லாம் குப்பை, அதுக்கெல்லாம் அடியில ஒரு சிடி. ஜஸ்ட் கிராண்ட்மா அண்ட் மீ! நான் நாலாவது படிக்கும்போது மாமா ரிச்சி ஸ்ட்ரீட்ல கம்ப்யூட்டர் வாங்கியாந்தாரு, கூடவே வந்த சிடி இது. தண்டையார்பேட்டையில எங்க தெருவுலயே அப்போ ரெண்டு வீட்ல தான் கம்ப்யூட்டர், ஞாயித்துக்கெழம ஆனா எங்க வாசல்ல பசங்க செருப்பா கெடக்கும்.

கதை ஒண்ணும் பெருசா இல்ல. மெர்சர் மேயர் 1983ல எழுதுன சின்ன படக்கதை, லிட்டில் கிரிட்டர்னு ஒரு குட்டிப்பய பாட்டி கூட பஸ் புடிச்சி பீச்சுக்கு போறான், வரான். அதை பிரோடர்பண்ட் கம்பெனி 1992ல கம்ப்யூட்டருக்கு கொண்டாந்துச்சு, லிவிங் புக்ஸ்னு பேரு, அந்த வரிசையில மொத சிடியே இதான், அப்பறம் தான் ஆர்தர், டாக்டர் சூஸ் கதைங்க எல்லாம். ஒவ்வொரு பக்கத்தையும் அதுவே படிச்சி காட்டும், படிக்க படிக்க அந்தந்த வார்த்தை பளிச்னு தெரியும், ஒரு வார்த்தைய அழுத்துனா அதை மட்டும் திருப்பி சொல்லும். படத்துல எங்க அழுத்துனாலும் எதாவது ஒண்ணு ஆடும், இல்லனா பாடும்.

இப்போ இருக்கற லேப்டாப்புல சிடி போட எடமே இல்லியே, பக்கத்து வீட்டு தம்பிகிட்ட யுஎஸ்பில சொருகற சிடி டிரைவ் ஒண்ணு வாங்கி ஃபைலெல்லாம் காப்பி பண்ணி ஸ்கம்விஎம்ல போட்டேன், பழைய கேமுங்கள ஓட்டறதுக்குனே இருக்கற ஃப்ரீ சாப்ட்வேர் அது. ஓடிச்சு. படம் கொஞ்சம் கட்டம் கட்டமா இருக்கு, எம் பொண்ணு பாப்பா அதை கண்டுக்கவே இல்ல.

அவளுக்கு அஞ்சு வயசு. போன்ல போட்டு குடுத்த கேமெல்லாம் ஒரே பதட்டம், தப்பா தொட்டா டொய்ங்குனு சத்தம், நட்சத்திரம் கொறையும், நாலாவது படத்துல பூட்டு போட்டு அப்பாவ கூப்பிடு காசு கட்டுன்னு நிக்கும். இதுல தப்புனு ஒண்ணே கெடையாது, அடுத்த பக்கம் போனு யாரும் தள்ளவும் மாட்டாங்க. ஒரு பக்கத்துலயே அரை மணி நேரம் ஒக்காந்துனு இருந்தா. எனக்கு இதான் புடிச்சிருக்கு.

எங்கம்மா காசிமேட்டுல இருபது வருஷம் மீன் வித்தவங்க, இப்போ பாப்பாவோட ஆயா, அவ்ளோ தான் வேலை. பக்கத்துல குந்திக்கினு பாத்தாங்க. பாட்டிக்கு குடுக்க அந்த பையன் சிப்பி எடுக்கறான், உள்ள நண்டு. "பின்னாடியில இருந்து புடிடி, முன்னாடி கைய வச்ச கவ்விக்கும்"னு ஸ்க்ரீன பாத்து சொல்றாங்க. மண்ணுல விழுந்த ஹாட் டாக்க அந்த பாட்டி கழுவி குடுக்கறத பாத்துட்டு, "சீ, இன்னா பொம்பளடி இவ."

ஒரு நாள் பாப்பா எதையோ அழுத்தி ஜப்பான் பாஷைக்கு மாத்திட்டா, அந்த சிடியில இங்கிலீஷ், ஸ்பானிஷ், ஜப்பானீஸ் மூணும் இருக்கு. நான் மாத்த போனேன். "உடுடா, எனக்கு ரெண்டும் ஒண்ணு தான்"னாங்க அம்மா.

தமிழ் இல்லையேனு எனக்கு தான் ஒரு கடுப்பு. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட்டுல தமிழ் கதைங்க நெறைய ஃப்ரீயாவே இருக்கு, படிக்க நல்லா இருக்கு, ஆனா காக்காவ தொட்டா வடை கீழ விழணும்ல, அதுல தானே கொழந்தைக்கு குஷி. தெனாலிராமன வச்சி இந்த மாதிரி பக்கம் பக்கமா யாராவது பண்ணா நான் காசு குடுத்தே வாங்குவேன்.

அதுக்குள்ள இவங்களே ஒரு வழி பண்ணிட்டாங்க. இப்போலாம் சவுண்ட ஆஃப் பண்ணிட்டு ஆயா சொல்றது தான் கதை. சிடியில இருக்கறது நாலு வரி, ஆயா சொல்றது நாப்பது வரி, முடியற வரைக்கும் பாப்பா அடுத்த பக்கம் அழுத்த மாட்டா.

கடைசி பக்கத்துல திரும்பி வர பஸ்ல, நீ தூங்கு பாட்டி, நம்ம ஸ்டாப்ப நான் பாத்துக்கறேன்னு சொன்ன பையன் தானே தூங்கிடுவான். நேத்து அதை பாத்துட்டு பாப்பா பதறிட்டா. "ஆயா, ஸ்டாப்பு போய்டுச்சு, டெப்போக்கு போய்டுவாங்க!"

"போனா இன்னா, அங்க ஒரு டீ குடிச்சிட்டு அதே பஸ்ல திரும்பி வந்துருவாங்க."