மணி கட்டிய மீனும் நாலு முட்டையும்

நெதர்லாந்தில் ஐசல் ஆறு முடியப்போகிற இடத்தில் இருக்கிறது காம்பன். 1441-ல் ஹன்சா வணிகக் கூட்டணியில் சேர்ந்து பணம் புரண்ட ஊர். ஆற்றுவாயில் வண்டல் மேவ மேவ, கப்பல்கள் வேறு துறை பார்த்துப் போய்விட்டன. மிஞ்சியது கதைகள். காம்பன்காரர்களை மடையர்களாக்கும் கதைகளுக்கு டச்சில் 'காம்பன் வெங்காயம்' என்றே பெயர். உரிக்க உரிக்க வந்துகொண்டே இருக்கும்.

உட்ரெக்ட் பிஷப் விருந்துக்கு வருகிறார் என்று ஆள் நீளத்துக்கு ஒரு ஸ்டர்ஜன் மீனைப் பிடித்து வைத்தார்களாம். பிஷப் வரத் தாமதம். மீன் கெட்டுவிடக் கூடாதே! கழுத்தில் மணி கட்டி ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். வேண்டும்போது சத்தம் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம் என்று. மீனுக்குக் கழுத்து எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இன்று 'காம்பன் ஸ்டர்ஜன்' என்று கேட்டால் தட்டில் வருவது கடுகுச் சாஸில் அவித்த முட்டை. மீன் மருந்துக்குக்கூடக் கிடையாது. நாலு முட்டையைப் பத்து நிமிடம் அவித்து உடனே குளிர்ந்த நீரில் போட வேண்டும். விட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டும். 25 கிராம் வெண்ணெயில் 25 கிராம் மைதாவைச் சிவக்காமல் வறுத்து, 300 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டி, கொழுக்கட்டைதான். அரைத்த கடுகு விழுது இரண்டு மேசைக்கரண்டி, அடுப்பை அணைத்த பிறகே. கொதிக்கவிட்டால் காரம் ஆவியாகி, வெறும் மைதாக் கஞ்சி மிஞ்சும்.

இன்னொன்று: கோபுர உச்சியில் முளைத்த புல்லை மேயட்டும் என்று பசுவைக் கழுத்தில் கயிறு கட்டி மேலே இழுத்தார்களாம். நாக்கு வெளியே தள்ளியதும் கீழே நின்றவர்கள், "புல் வாசனை பிடித்துவிட்டது!" என்றார்களாம். ஊர் வெட்கப்படவில்லை, கோடையில் நியூவெ டோரன் கோபுரத்தில் பொம்மைப் பசுவைத் தொங்கவிடுகிறது.

பக்கத்து ஊர் ஸ்வொல்ல ரொம்பச் சிரிக்க வேண்டாம். 1682-ல் அவர்களுடைய புனித மிக்கேல் ஆலயக் கோபுரம் இடிந்து விழுந்ததும், மணிகளைக் காம்பனுக்கு நல்ல விலைக்குத் தள்ளினார்களாம். காம்பன் முழுத் தொகையையும் செப்புச் சில்லறையாகக் கொண்டுவந்து கொட்டியது. எண்ணி எண்ணி விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. ஸ்வொல்லக்காரர்களுக்கு இன்றைக்கும் பட்டப்பெயர் 'நீலவிரல்'.