டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி வரி

மக 31 வாரத்துல பிறந்தா. எடை 1,350 கிராம். பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில 26 நாள் உள்ளே இருந்தா. மூச்சுக்கு சிபேப்னு காத்தை மெல்ல அழுத்திக் கொடுக்கிற மிஷின், பால் முதல்ல டியூப்ல, அப்புறம் பாலாடையில. உசுரைக் காப்பாத்திக் கையில கொடுத்தாங்க, அதுல எனக்கு மறுபேச்சே கிடையாது. பிறப்புச் சான்றிதழும், கர்ப்பத்தைப் பதிஞ்சப்போ கொடுத்த பிக்மி நம்பரை வீட்டுக்காரி பத்திரமா வச்சிருந்ததால சட்டுன்னு முடிஞ்சது. (பேர் வைக்கலையேன்னு பதிவைத் தள்ளிப் போடாதீங்க. 21 நாளுக்குள்ள பதிஞ்சிருங்க; பேரை ஒரு வருசத்துக்குள்ள காசில்லாம சேர்த்துக்கலாம்.)

என் கோபமெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டு மேலதான்.

மருந்துப் பேரெல்லாம் முடிஞ்சு, கையெழுத்துக்கு மேல, இங்கிலீஷ்ல ஒரு வரி. அதுல ஆர்.ஓ.பி.ன்னு மூணு எழுத்து. யாரும் வாயால ஒரு வார்த்தை சொல்லலை. நான் அதை ஏதோ சொட்டு மருந்துன்னு நினைச்சு மெடிக்கல்ல கேட்டேன். கடைப் பையனும் ரொம்ப யோசிச்சுட்டு "ஸ்டாக் இல்ல அண்ணாச்சி"ன்னான்.

மறுநாள் காலையில எங்க ஊர் நர்சம்மா பாப்பாவைப் பார்க்க வந்தாங்க. சீட்டை வாங்கிப் படிச்சதும் கேட்ட முதல் கேள்வி, "கண்ணு டெஸ்ட்டு எடுத்தாச்சா?"

"கண்ணுக்கு என்ன? நல்லா முழிச்சுல்லா பாக்கா"ன்னாங்க எங்க அத்தை.

"முழிச்சுப் பாக்கதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல ஆச்சி."

ஆர்.ஓ.பி.ங்கிறது மருந்து இல்ல, குறைமாசப் பிள்ளைக்கு வர்ற விழித்திரை நோயாம். குறைமாசத்துல பிறந்த பிள்ளைக்கு விழித்திரையில ரத்தக்குழாய் பாதிதான் வளர்ந்திருக்குமாம். மீதி வெளியே வந்துதான் வளரணும். அது தாறுமாறா வளர்ந்தா விழித்திரையையே இழுத்துப் பிய்ச்சிரும், பார்வை போயிரும். வெளியிலிருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. 34 வாரத்துக்கு முன்னால பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவா இருந்தாலோ 30 நாளுக்குள்ள காட்டிரணும். 28 வாரத்துக்கும் முன்னாலன்னா ரெண்டு மூணு வாரத்துலயே.

விரல் விட்டு எண்ணினேன். அன்னைக்கு 27-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. 30-ஆம் நாள் திங்கக்கிழமை, தீபாவளி.

உடனே காரைப் பிடிச்சோம். வீரவநல்லூர் பக்கத்துலேருந்து திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மதியம் ஆயிட்டு. வழியில அழுதாளேன்னு வீட்டுக்காரி பாலும் கொடுத்துட்டா. அங்க போனா, பாப்பாவுக்குக் கண்மணியை விரிய வைக்கிற சொட்டு மருந்து காலையிலயே போட ஆரம்பிச்சிருக்கணுமாம், அதுவும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் விட்டுப் பல தடவை. பால் குடிச்ச வயித்தோட டெஸ்ட்டும் பண்ண மாட்டாங்க, அழுகையில புரையேறிரும். கார் வாடகை தண்டம்.

சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கெல்லாம் போய் நின்னோம். கவுண்டர்ல இருந்தவர் தலையை நிமிர்த்தாம, "ரெஃபரல் லெட்டர் எங்க?"ன்னார். சீட்டைக் காட்டினேன். "இது டிஸ்சார்ஜ் சீட்டு. லெட்டர் தனியா வேணும். தீபாவளி கழிச்சு வாங்கிட்டு வாங்க."

பொதுவா நான் சத்தம் போடுற ஆள் இல்லை. அன்னைக்கும் போடலை. "சரி சார். இன்னைக்கு 28-ஆம் நாள், லெட்டர் இல்லாததால பார்க்கலைன்னு இந்தச் சீட்டுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க"ன்னேன். அவர் என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், எழுந்து உள்ளே போனார். பத்து நிமிஷத்துல சொட்டு மருந்து போட நர்ஸ் வந்துட்டாங்க. எந்த ஆபீஸா இருந்தாலும் சரி, வாயால முடியாதுன்னு சொல்றவங்களை அதை எழுதித் தரச் சொல்லுங்க.

காத்திருந்த நேரம் முழுக்கப் பாப்பா என் நெஞ்சுலதான் கிடந்தா. சட்டைப் பட்டனைக் கழட்டிட்டு, வெறும் நெஞ்சுல அணைச்சு, மேல வேட்டித் துணி. கங்காரு கவனிப்புன்னு சொல்லுவாங்க. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில இருந்தப்போ தாய்க்குத்தான் அனுமதின்னு என்னை வாசல்லயே நிறுத்தினாங்க. ராத்திரி டியூட்டி சிஸ்டர் ஒருத்தங்கதான், "கொலம்பியாவுல 1978-ல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்ச வழி இது, அப்பா நெஞ்சும் சூடுதானே"ன்னு உட்கார வச்சாங்க. கண் ஆஸ்பத்திரியில நாலு பேர் ஒரு மாதிரி பார்த்தாங்க. பார்த்துட்டுப் போகட்டும்.

டெஸ்ட் அஞ்சு நிமிஷம். இமையை கிளிப் போட்டு விரிச்சுப் பார்ப்பாங்க. பிள்ளை கத்துற கத்துல நமக்கு ஈரக்குலை ஆடிரும். அம்மாவை வெளியே நிறுத்திருங்க. ஸ்டேஜ் 2-ன்னு சொன்னாங்க. லேசர் இப்போ வேண்டாம், பத்து நாள்ல திரும்பக் காட்டணும், கூடிட்டா ரெண்டு மூணு நாளுக்குள்ள லேசர் செஞ்சாகணும். தேதியை அரிசி டப்பா மேல சாக்பீஸால எழுதி வச்சோம். நவம்பர் முதல் வாரம் போனப்போ, குறைய ஆரம்பிச்சுட்டுன்னு சொன்னாங்க. இன்னும் போகணும்.

இதுக்கிடையில அத்தைக்கு வேற கவலை. "ரெண்டு மாசமாவப் போவுது, முகம் பாத்துச் சிரிக்க மாட்டேங்காளே." 40-ல 31 போக 9 வாரத்தைக் கழிச்சுத்தான் வளர்ச்சியைப் பார்க்கணும்னு நானே இப்போ டாக்டர் மாதிரி சொல்லுதேன். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிக் கணக்குதான்.

நவம்பர் 17 எடை பார்க்கப் போனா ஆஸ்பத்திரி வாசலெல்லாம் கத்தரிப்பூ கலர் பலூன். உலகக் குறைப்பிரசவ தினமாம். என் கையிலயும் ஒரு பலூனைக் கொடுத்துப் போட்டோ எடுத்தாங்க. பக்கத்துல சுரண்டைப் பக்கத்துக்காரர் ஒருத்தர், அன்னைக்குத்தான் டிஸ்சார்ஜ், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு நின்னார். எட்டிப் பார்த்தேன். கடைசி வரி அப்படியே இருந்தது, அதே மூணு எழுத்து.

பேனாவை வாங்கி, அது மேல தமிழ்ல "கண் டெஸ்ட்"டுன்னு எழுதி, பிள்ளைக்கு எத்தனை நாளாச்சுன்னு கேட்டேன். இருபத்திரண்டுன்னார்.

"அண்ணாச்சி, இந்த வாரமே போயிருங்க. காலையில எட்டுக்குள்ள. ஒரு மணி நேரம் முன்னாலயே பாலை நிறுத்திருங்க. அப்புறம், இப்பவே உள்ளே போய் ரெஃபரல் லெட்டர் கேளுங்க. லெட்டர் இல்லாம இந்த வாசலைத் தாண்டாதீங்க."