கிரனாடாவில் கோயா வாரம்

7 பிப்ரவரி 2025, வெள்ளி

ஹெனில் ஆற்றங்கரைப் பக்கம் போகவே முடியவில்லை. நாளை இரவு அங்குள்ள மாநாட்டு அரங்கில்தான் கோயா விருது விழா. ஸ்பெயின் திரைப்பட அகாதெமி 1987 முதல் கொடுத்துவரும் விருது, இது 39-ஆவது. ஓவியர் கோயாவின் வெண்கலத் தலைதான் பரிசு. செல்லப்பெயர் ‘கபெஸோன்’, அதாவது மண்டைபெருத்தான். கிட்டத்தட்ட 3 கிலோ. கையில் வாங்கியவர்கள் சட்டென்று கொஞ்சம் குனிவதை டிவியில் கவனித்திருக்கிறேன்.

8 பிப்ரவரி, சனி (உண்மையில் ஞாயிறு விடியற்காலை)

வீட்டுக்காரம்மாவின் டிவியில் பார்த்தோம். இரவு 10 மணிக்குத்தான் ஆரம்பமே. நன்றியுரைகள் இழுத்த இழுப்பில் அவர் சோபாவிலேயே கண்ணயர்ந்துவிட்டார். ரிச்சர்ட் கியருக்குச் சர்வதேச கோயா தந்தபோது மட்டும் எப்படியோ விழித்துக்கொண்டார்!

இந்த ஊர் ராக் இசைக்குழுவைப் பற்றிய ‘செகுந்தோ பிரேமியோ’ படத்துக்குச் சிறந்த இயக்கம். இசாக்கி லகுவேஸ்தா, போல் ரோட்ரிகெஸ் இருவருக்கும். நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் விழித்திருப்பார்.

கடைசியில் சிறந்த படம். ‘எல் 47’ என்றார்கள். வீட்டுக்காரம்மா கைதட்டினார். அப்புறம் ‘லா இன்ஃபில்த்ராதா’ என்றும் சொன்னார்கள். ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சமன். கோயா வரலாற்றில் சிறந்த படத்துக்கு இப்படி நடந்தது இதுவே முதல் தடவை. பாஸ்க் தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய எத்தா இயக்கத்துக்குள் ஊடுருவிய பெண் போலீஸின் கதை அந்த இரண்டாவது படம். கரோலினா யுஸ்தேவுக்குச் சிறந்த நடிகை விருதும் அதற்காகத்தான். ‘இரண்டு மண்டை செய்து வைத்திருந்தார்களா?’ என்பதுதான் வீட்டுக்காரம்மாவின் கவலை.

9 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் காபியோடு ‘எல் 47’ கதையை அவரே சொன்னார். பார்சிலோனாவின் மேட்டுப்பகுதி தோர்ரே பரோ. தெற்கிலிருந்து பிழைக்கப் போனவர்கள் தங்கள் கையாலேயே வீடு கட்டிக்கொண்ட இடம். பஸ் அங்கே ஏறாது என்று அதிகாரிகள் சாதித்தார்கள். 1978-இல் 47-ஆம் நம்பர் பஸ் ஓட்டுநர் மனோலோ விதால், தன் பஸ்ஸைத் தானே கடத்தி மேலே கொண்டுபோய் நிறுத்திக் காட்டினார்.

வீட்டுக்காரம்மாவின் அக்காவும் அந்தக் காலத்தில் பார்சிலோனாவுக்குப் போனவர்தான். இரவே போன் பண்ணினாராம், அழுதுகொண்டு.

மாலை இந்த ஊரின் பழைய பகுதியான அல்பைசின் மேட்டுக்கு சி31 குட்டி பஸ்ஸில் போனேன். ஒரு வளைவில் சுவருக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண்தான். ஓட்டுநர் ஒற்றைக் கையால் திருப்பினார். இன்னொரு கையில் சாண்ட்விச்.