பிரித்தானியா தூங்கும் நேரத்தில் ஒரு மின்னூல்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்துகொண்டே பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைக்கல்வி முறையில் முதுமாணிப் படிப்பை முடித்தேன். பரீட்சைகூட என்னைப் பெரிதாக வாட்டவில்லை, வாட்டியது மின்னூலகம். எங்கிருந்தும் எந்நேரமும் படிக்கலாம் என்றார்கள். எங்கிருந்தும் என்பது உண்மை. எந்நேரமும் என்பதில்தான் வில்லங்கம்.

உள்ளே நுழைவது எளிது, ஆனால் வாசல் ஒன்றுதான். நூலகத் தளத்தில் தலைப்பைத் தேடி, அங்கிருந்தே நூலுக்குள் போக வேண்டும். கூகுள் வழியாக வெளியீட்டாளரின் பக்கத்துக்கு நேரே போனால் காசு கேட்கும். நாம் மாணவர் என்பது அதற்குத் தெரியாது.

அடுத்தது உரிமம். மின்னூலுக்கும் பிரதிக் கணக்கு உண்டு. ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும், மூவர், வரம்பில்லை என்று விதவிதமாக நூலகங்களுக்கு விற்கிறார்கள். எங்கள் அடிப்படைப் பாடநூலுக்கு இருந்தது ஒருவர் உரிமம். வகுப்பு முழுவதற்கும் அதே வாசிப்பு. வேலை முடிந்து மாலை ஐந்தரைக்குத் திறந்தால், நூல் பயன்பாட்டில் இருப்பதாகத் திரை சொல்லும். குளிர்காலத்தில் அங்கே அப்போது நண்பகல். எல்லோரும் நூலும் கையுமாக இருக்கும் நேரம்.

வழி அந்தக் கணக்கிலேயே இருந்தது. இங்கே காலை ஐந்தரை என்றால் அங்கே நள்ளிரவு. விடிய எழுந்து திறந்தேன். நூல் சும்மா கிடந்தது. அன்றிலிருந்து என் படிப்பு முழுவதும் கோழி கூவும் நேரத்துக்கு மாறியது. "இந்த நேரத்தில் எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, பிள்ளை?" என்று அம்மா பிளேன்டீயை வைத்துவிட்டுப் போவார்.

முழு நூலையும் இறக்க நினைத்தால் வந்து விழுவது நூல் அல்ல, ஏசிஎஸ்எம் என்ற சிறு கோப்பு. அதை அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால்தான் நூல் இறங்கும். இரவல் தவணை முடிந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும். தண்டம் கட்டும் வேலை இல்லை. ஒருவர் உரிம நூலை இப்படி எடுத்தால் தவணை முடியும்வரை மற்றவர்களுக்குக் கிடைக்காது. ஆகவே வேண்டிய அத்தியாயத்தை மட்டும் பிடிஎஃப் ஆக எடுப்பதே நாகரிகம். அதற்கும் பக்க வரம்பு உண்டு. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை போனபோது, ரவுட்டர் செத்துக் கிடக்க, மடிக்கணினியில் மிஞ்சிய சார்ஜை வைத்து நான் படித்தது இப்படி இறக்கிய அத்தியாயங்களைத்தான்.

ஆய்வேடு எழுதுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவில் எழுத்தைப் பெரிதாக்கினால் திரைப் பக்கங்கள் மாறிவிடும். மேற்கோளுக்குப் பக்க எண் கொடுப்பது தலைவலி. பிடிஎஃப் இருந்தால் அதையே எடுங்கள்.

நூலகருக்கு எழுதக் கூச்சப்படத் தேவையில்லை. கூடுதல் உரிமம் கேட்டு நான் எழுதினேன். பருவத்தின் பாதியில் மூவர் உரிமம் வந்தது. நூலகங்கள் வாங்கும் மின்னூல் அச்சு நூலைவிடப் பல மடங்கு விலையாகிவிடுகிறது. 2020இல் பிரித்தானிய நூலகர்களே இதை எதிர்த்து இயக்கம் தொடங்கினார்கள் என்பதைப் பின்னர் அறிந்தபோது, என் கடிதம் அவர்களுக்கு உதவியாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

என் ஆய்வேட்டில் யாழ்ப்பாணத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய அத்தியாயத்துக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற பெயருடைய இணையத்தளத்தில் பழைய மலர்களும் சஞ்சிகைகளும் வருடி வைக்கப்பட்டிருக்கின்றன. கணக்கும் வேண்டாம், தவணையும் இல்லை. என் அடிக்குறிப்புகளைப் பார்த்த மேற்பார்வையாளர் அந்த மலர்களைத் தானும் பார்க்கலாமா என்று கேட்டார். இணைப்பை அனுப்பினேன். கடவுச்சொல்லை அனுப்ப மறந்துவிட்டீர்களே என்று பதில் வந்தது.