பூட்டிய சாய்தளம்

சாவி டீ குடிக்கப் போயிருந்தது.

மயிலாப்பூரில் ஒரு வங்கி வாசல். அக்காவின் சக்கர நாற்காலியைச் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு மேலே போனால், கதவில் சங்கிலியும் பூட்டும். சாவி காவலாளியிடம், அவர் டீக்கடையில்.

கைப்பிடிக் கம்பியில் தரை துடைக்கும் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் இரண்டு பூந்தொட்டிகள் வேறு. ஆக, இந்தச் சாய்தளத்தை யாரோ தினமும் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள்!

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கைக்கு இந்தியா ஒப்புதல் அளித்தது 2007 அக்டோபர் 1 அன்று. கட்டடமோ பேருந்தோ தகவலோ, மற்றவர்களுக்கு இணையாக இவர்களுக்கும் எட்ட வேண்டும் என்கிறது அதன் 9ஆவது பிரிவு. அதையொட்டி 2016இல் இங்கே சட்டமும் வந்துவிட்டது.

'மற்றவர்களுக்கு இணையாக.' படியேறிப் போன எவரும் சாவி கேட்கவில்லை.

மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தபோதுதான் அக்கா அலையைப் பக்கத்தில் பார்த்தாள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்துவிட்டது. புயலிடம் கோபித்துக்கொள்ள முடியாது. பூட்டிடம்?

இருபது நிமிடம் கழித்து வந்தார் காவலாளி. "முன்பே சொல்லியிருந்தால் திறந்து வைத்திருப்பேனே அம்மா!"

அக்கா சிரித்தாள். "இப்போது சொல்லிவிட்டேன் அண்ணா. நாளைக்கும் வருவேன்."