சாஸ்தா கோயில் தேடிப் போகிறவர்களுக்கு

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் பங்குனி உத்திரம் என்றால் குலதெய்வமாகக் கும்பிடும் சாஸ்தா (அய்யனார்) கோயில்தான். பிழைக்கப் போன ஊர் எத்தனை தூரமானாலும் அன்றைக்குக் குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளோ இருக்கும் தங்கள் சாஸ்தா முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். இரண்டு தலைமுறையாக ஊர்ப்பக்கம் வராத குடும்பங்களுக்குத்தான் சிக்கல். “நமக்கு எந்தச் சாஸ்தா?” என்று கேட்டால் சொல்ல வீட்டில் பெரியவர் இல்லை.

தேடலைப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளுக்குக் குலதெய்வத்தின் பெயரை வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். தாத்தா, அவருடைய அண்ணன் தம்பிகள், அவர்களுக்கும் முந்தியவர்கள் என்று தெரிந்தவரை எழுதிப் பாருங்கள். கற்குவேல் என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தால் காயாமொழிக்குப் பக்கத்துத் தேரிக்குடியிருப்பு. அருஞ்சுனை என்று வந்தால் திருச்செந்தூர் வட்டாரத்து மேலப்புதுக்குடி. சொரிமுத்து என்றால் பாபநாசம் மலையில் காரையார். சுடலை, இசக்கி, பேச்சி மட்டும் வந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அந்தத் தெய்வங்கள் ஊருக்கு ஊர் உண்டு. பல இடங்களில் சாஸ்தாவுக்குப் பரிவாரமாக நிற்பவை.

பெயர் கைகொடுக்காவிட்டால் பழைய கிரயப் பத்திரத்தை எடுங்கள். எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் தகப்பன் பெயரும் இருந்த ஊரும் அதில் இருக்கும். அந்த ஊருக்குப் போய்ப் பங்காளி வீட்டில் விசாரியுங்கள். பாசத்தோடு முதலில் வழிகாட்ட வருவது மாமன் மச்சான்தான். ஆனால் அவர்கள் வழிபடும் சாஸ்தா பெரும்பாலும் வேறாக இருக்கும். பலர் தவறான கோயிலில் போய் நிற்பது இதனால்தான்.

காரையார் சொரிமுத்து அய்யனார் என்று உறுதியானால், அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் சேர்ந்து மலையேற வேண்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது கோயில். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளை வாங்கிவிடுவார்கள். பூஜைச் சாமான்களைத் துணிப்பையிலும் ஓலைப்பெட்டியிலும் கட்டுங்கள். இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் நின்று விசாரிக்க முடியாது. முதல் தடவை போகிறவர்கள் சாதாரண நாளில் போவது நல்லது.

அங்கே சாஸ்தாவோடு மகாலிங்கம், சங்கிலிப் பூதத்தார், பிரம்மராட்சசி, தளவாய்மாடன், பட்டவராயன் என்று பல சந்நிதிகள். உங்கள் வீட்டுப் படைப்பு யாருக்கு என்று முன்கூட்டியே பங்காளிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாஸ்தாவுக்குச் சைவம் மட்டுமே. பட்டவராயனுக்குத் தோல் செருப்பு காணிக்கை. பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாடு காக்கப்போய் மாண்ட முத்துப்பட்டன்தான் அவர். இப்படிப்பட்ட மனிதர்களின் வாழ்வை வில்லுப்பாட்டு இன்றும் சந்நிதியில் உயிரோடு நிறுத்தி வைத்திருக்கிறது. கேட்க வாய்த்தால் பாதியில் எழுந்து வராதீர்கள்.

பொங்கல் வைக்க எந்தக் கோயிலானாலும், அனுமதித்த இடத்தில்தான் அடுப்புக் கூட்ட வேண்டும். புதுப்பானையை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். இல்லாவிட்டால் தீ பட்டதும் விரிசல் விடும். ஆற்றுக்குள் கிடக்கும் ஈரக்கல்லை அடுப்புக்கு எடுக்காதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் சூடேறிக் கல் வெடிக்கும். பனையோலை குப்பென்று எரிந்து அணைந்துவிடும். நின்று எரிய நாலு விறகும் வேண்டும். அரை கிலோ பச்சரிசிக்கு நூறு கிராம் பாசிப்பருப்பு, அரை முதல் முக்கால் கிலோ வெல்லம். அரிசி குழைந்த பிறகே வெல்லம் சேர்க்க வேண்டும். முந்திப் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, பிடிமண். பஞ்சத்துக்கோ பகைக்கோ ஊர் மாறியவர்கள் மூலக்கோயில் மண்ணை ஒரு பிடி எடுத்துப்போய், குடியேறிய ஊரில் பீடம் போட்டுக் கும்பிட்டார்கள். உங்கள் ஊர்க் கோயில் அப்படிப்பட்டதாக இருக்கலாம். “இந்தச் சாமி எங்கிருந்து வந்தது?” என்று பூசாரியிடமோ, சாமியாடும் கோமரத்தாடியிடமோ கேளுங்கள். அத்தோடு கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரிப்பணம் எழுதும் நோட்டுகளில் பழையது இருந்தால் பார்க்கக் கேளுங்கள். தலைக்கட்டுக்கு, அதாவது கல்யாணமான ஆணின் குடும்பத்துக்கு, ஒரு வரி. மகனுக்குக் கல்யாணம் ஆனால் தனி வரி. எந்தக் கொடையில் எந்தப் பெயர் புதிதாக ஏறியது, எது நின்றுபோனது என்று பார்த்தால் குடும்பம் கிளை பிரிந்த வரிசை தெரிந்துவிடும். உங்கள் வரியைக் கொடுக்கும்போது பெயரைப் புதுப்பக்கத்தில் எழுதவிடாதீர்கள். தாத்தாவின் பெயர் இருக்கும் வரிசையில், அதற்குக் கீழே எழுதச் சொல்லுங்கள்.